சங்கு ஊதாத கிழமை

அத்தியாயம் பதினான்கு

பூதிகோட்டைக்குப் போகும் முதல் பஸ் அன்று கோவிந்தசாமியை ஏற்றிக்கொள்ளாமலே போய்விட்டது.

மூன்று வருஷமாக ஞாயிறு தவறாமல் அந்த பஸ்சில் ஏறுகிறவர் அவர். கோலார் தங்கச் சுரங்கத் தொழிலாளர்கள் குடியிருக்கும் பாலகாட் லைனில் யாரைக் கேட்டாலும், பாவம், மூச்சுத் திணறலுக்கு நாட்டு மருந்து சாப்பிடத் தம்பி வீட்டுக்குப் போகிறார் என்பார்கள். ரத்தினம்மா அப்படித்தான் ஊரை நம்ப வைத்திருந்தாள். அங்கே போய் அவர் மருந்தைத் தொடுவதே இல்லை, மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ராகிக் கொல்லையில் இறங்கிவிடுகிறார் என்பது புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் இடையில் இருந்த ரகசியம்.

வாரத்தில் ஆறு நாள், மதியம் ஆனால் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவிக்கிற மனிதர், ஏழாம் நாள் வரப்பு வெட்டுகிறார். இதை வெளியில் சொன்னால் யார் நம்புவார்கள்? கள்ள நோவு என்று ஒரே வார்த்தையில் கதையை முடித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை என்று சொன்ன நாளிலிருந்தே லைனில் இரண்டொரு வாய்கள் அந்த வார்த்தையை மென்றுகொண்டிருந்தன. அதனால்தான் ரத்தினம்மா ஞாயிற்றுக்கிழமையையே ஊர் கண்ணிலிருந்து ஒளித்துவைத்தாள்.

போன வாரம் அந்த ஒளிவும் உடைந்துபோனது.

நாட்டுக்கோழி வாங்கப் பூதிகோட்டைக்குப் போன வால்டர், கோவிந்தசாமி ஒரு ராகி மூட்டையைத் தூக்கி வண்டியில் போடுவதைப் பார்த்துவிட்டான். வால்டர் இப்போது சுரங்கத்து ஆட்களின் வருகையைக் குறிக்கும் டைம் ஆபீஸில் குமாஸ்தா. முன்பு சுரங்கத்துக்கு அடியில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் வாசலில் நின்று மணி அடித்தவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் பாறை வெடித்து, லெவல் என்கிற சுரங்கப் பாதை இடிந்த அன்று, இடிபாட்டுக்குள் இருந்து அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தவரே கோவிந்தசாமிதான். அப்புறம் முட்டி வலி என்று சொல்லி மேலேயே ஒரு வேலையைத் தேடிக்கொண்டான். அடிக்கடி காதுக் குத்தல் வேறு வரும் என்பான். அதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் பஞ்சு வைத்திருப்பான்.

அப்பேர்ப்பட்டவன் லைனுக்குத் திரும்பி வந்து, எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த குழாயடியில் நின்று, "நம்ம அண்ணன் நோவு ஞாயித்துக்கிழமைல லீவு போடுதுக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். சிரித்தவர்கள் யார் யார் என்று ரத்தினம்மாவுக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. மறக்கிற உத்தேசமும் இல்லை.

இதெல்லாம் போதாதென்று, பெங்களூரிலிருந்து பேராசிரியர் வருவதற்கு இந்த ஞாயிற்றுக்கிழமைதான் கிடைத்தது.

பேராசிரியர் சிவப்பிரகாசம், மகள் யசோதராவுக்கு மேலே இருப்பவர். யசோதரா பார்ப்பது பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி வேலை. மனதில் உட்கார்ந்த பயம் உடம்பை என்ன செய்கிறது, உடம்பின் நோவு மனதை என்ன செய்கிறது என்று இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பாதி மனோதத்துவம், பாதி வைத்தியம். அப்படி ஒரு வேலை அங்கே அதற்கு முன்னால் இருந்ததில்லை. மற்றவர்களுக்கு விளங்கவில்லை என்றால் ரத்தினம்மா ஒரே வரியில் சொல்வாள்: "மனசுலேர்ந்து நெஞ்சுக்குப் போற வழி எதுன்னு பாக்குறாளாம் எம் பொண்ணு."

சொல்லும்போது கழுத்து கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே. சுரங்கத்தில் மரம் அடித்துக் கூரை தாங்கியவரின் மகள், தகரக் கூரை லைன் வீட்டில் படித்து, எம்.ஏ. வாங்கி, பெங்களூரில் இருக்கிற பெரிய மனிதர்கள் எதிரில் உட்கார்ந்து பேசுகிறாள். அதற்குக்கூடக் கழுத்து நிமிரவில்லை என்றால் அப்புறம் எதற்குத்தான் நிமிர வேண்டும்?

அந்த வேலை நீடிக்குமா என்பது இப்போது தொங்கலில் இருந்தது. நுரையீரலை டாக்டர் பார்ப்பார், மனதை மனோதத்துவக்காரர் பார்ப்பார், இரண்டுக்கும் சேர்த்து ஒரு பெண் எதற்கு என்று கமிட்டியில் சிலர் கேட்டிருந்தார்கள். பேராசிரியர் நேரில் வந்து, யசோதரா லைனுக்கு வந்து பார்க்கிற ஆட்களில் ஒருவரையாவது தன் கையால் சோதித்துப் பார்த்துவிட்டுப் போவார். சரி என்று பட்டால் வேலை தொடரும். இல்லையென்றால் மாதக் கடைசியோடு அதற்கு முழுக்கு. எந்த ஆளைப் பார்ப்பது என்று கேட்டபோது யசோதரா கொஞ்சமும் யோசிக்காமல், "எங்க நைனாவையே பாருங்க சார்" என்று சொல்லிவிட்டாள்.

பாவம், அவளுக்கும் ஞாயிற்றுக்கிழமை விஷயம் தெரியாது. வாரத்தில் இரண்டு நாள் ரயிலில் வந்து, காலையில் மற்றவர்களைப் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் அப்பாவிடம் வருவாள். ஞாயிறு முழுக்கப் பெங்களூரில் லைப்ரரி. லீவில் வீட்டுக்கு வந்தாலும் ஞாயிறன்று அப்பா பூதிகோட்டையில் இருப்பார். பெற்ற பெண்ணிடம்கூடவா மறைப்பது என்று உறுத்தாமல் இல்லை. பௌர்ணமி தோறும் புத்தர் கோயிலில் பஞ்சசீலம் சொல்லும்போது, பொய் சொல்லமாட்டேன் என்கிற நாலாவது சீலம் வந்தால் ரத்தினம்மா குரலைத் தாழ்த்திக்கொள்வாள்.

"இன்னா ரத்தினம், பஸ்சு பூட்டுதா?" என்று கொல்லைப்புறத்திலிருந்து கோவிந்தசாமியின் குரல் கேட்டது. கணீரென்று இருந்தது. வயிற்றெரிச்சலாக இருந்தது அவளுக்கு.

போய்ப் பார்த்தால் மனிதர் கோடாலியால் விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"ஐய, அத்த கீழ வைங்க மொதல்ல. பெங்களூர்லேர்ந்து ஆளு வர்ற நேரத்துல விறகு பொளக்குறாரு. உள்ள வந்து படுங்க."

"படுத்து இன்னா பண்றது?"

"இருமுங்க."

"வரலியே ரத்தினம்."

"வரலைன்னா வரவைங்க. மத்த நாளு கூப்புடாமலே வருது."

அவர் சிரித்தார். ஆனாலும் கோடாலியை வைத்துவிட்டு உள்ளே வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். போர்வையைக் கொண்டுவந்து கழுத்து வரைக்கும் போர்த்தினாள். இருமிக் காட்டினார். அந்த இருமலைக் கேட்டு வாசலில் படுத்திருந்த நாய்கூடத் தலையைத் தூக்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் ஆழமா" என்றாள்.

அவர் இருமவில்லை. போர்வையை மெதுவாக விலக்கி மடித்து வைத்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

"ரத்தினம், உங்கிட்ட ஒண்ணு கேக்கவா? மத்த ஆறு நாளும் நான் இப்படித்தான் பண்றேனா?"

"இன்னா சொல்றீங்க?"

"எனக்கே தெரியல. நோவு நெஜமா இருந்தா ஞாயித்துக்கிழமையும் இருக்கணும் இல்ல. வால்டரு சொன்னதுல இன்னா தப்பு? நான் நடிக்கிறேன், நடிக்கிறது எனக்கே தெரியலையோ இன்னாவோ."

ஊர் சொன்னதைக் கேட்டுப் பொறுத்த ரத்தினம்மாவால் இதைப் பொறுக்க முடியவில்லை. இடிந்த லெவலுக்குள் திரும்பத் திரும்பப் போய் ஆட்களைக் கொண்டுவந்த மனிதர், தன்னையே திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு மூன்று வருஷம் அவள் பக்கத்தில் படுத்திருக்கிறார். அவள் ஒளித்துவைத்த ஞாயிறுகளெல்லாம் அவருக்குள் இப்படித்தான் போய்ச் சேர்ந்திருக்கின்றன. அழுகை வந்தது. அதற்குள் வாசலில் ஜட்கா வந்து நின்றது.

வண்டியிலிருந்து முதலில் இறங்கியது மரப்பெட்டி. அப்புறம் யசோதரா, கடைசியாகப் பேராசிரியர். ஒடிசலான மனிதர். வாசல் தகரத்தில் தலை இடிக்காமல் குனிந்து வந்து, கால் கழுவத் தண்ணீர் கேட்டு வாங்கிக் கழுவிக்கொண்டார். அந்த ஒரு காரியத்துக்காகவே ரத்தினம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. பிடித்துப்போனதால் பயம் இன்னும் அதிகமாயிற்று.

யசோதரா பெட்டியைத் திறந்து மிஷினை எடுத்தாள். தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்து வைத்த ஒரு பித்தளை உருளை. அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். குழாயில் ஊதினால் உருளை மேலே ஏறும், பக்கத்தில் இருக்கிற முள் எவ்வளவு மூச்சு என்று காட்டும். லைனில் அதற்கு ஊதுற மிஷின் என்று பெயர். முதலில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். ஆனால் யசோதராவின் வழி வேறு. ஆட்கள் பெஞ்சில் உட்கார்ந்தால் தானும் அதே பெஞ்சில் உட்காருவாள். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதில் ஆரம்பித்து, ராத்திரி என்ன கனவு வந்தது என்பதற்கு அவர்களே வந்து சேரும்வரை காத்திருப்பாள். யாரையும் ஊதச் சொல்வதற்கு முன்னால் தான் ஒருமுறை ஊதிக் காட்டுவாள், அப்புறம் குழாயின் வாயைக் கழற்றிச் சூடு தண்ணீரில் கழுவி மாட்டிக் கொடுப்பாள். பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்காத முரட்டு ஆட்கள் அவளிடம் பேசினார்கள்.

இன்றைக்கும் அப்படியே ஊதிக் காட்டி, கழுவி, அப்பாவிடம் குழாயைக் கொடுத்தாள்.

"மெதுவா நைனா. முடிஞ்ச வரைக்கும் போதும்."

கோவிந்தசாமி பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் கண்ணாலேயே கெஞ்சினாள். கொஞ்சமாக ஊதித் தொலையுங்களேன் என்று அந்தக் கண் சொன்னது. அவர் மகளைப் பார்த்தார். மூச்சை இழுத்து, ஒளிக்காமல், முழுசாக ஊதினார்.

உருளை விறுவிறுவென்று ஏறியது. முள் ஏறி, எங்கே நிற்குமோ என்று பார்க்கிற அளவுக்கு ஏறி நின்றது.

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"நெஞ்சு நல்லா இருக்கே அம்மா. இவர் வயசுக்கு ரொம்பவே நல்லா இருக்கு. நீ இதுவரைக்கும் அளந்ததெல்லாம் இதில் பாதிகூட இல்லையே?"

யசோதராவின் முகம் வெளுத்தது. மிஷினைச் சுற்றி வந்து பார்த்தாள். தண்ணீரைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தன.

"அப்ப நான் அளந்ததும் சரி சார். இப்ப அளந்ததும் சரி. நடுவுல இன்னாமோ ஒண்ணு இருக்கு, அது எனக்குத் தெரியல."

"தெரியலைன்னு கமிட்டியில் சொல்ல முடியுமா?"

"தெரியாததைத் தெரியும்னு சொல்ல முடியாதே சார்."

வேலை கையை விட்டுப் போகிற நேரத்தில் அந்தப் பெண் அப்படிச் சொன்னாள். மிஷின் சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அப்பாவுக்கு இன்று உடம்பு தேவலாம் என்று மழுப்பியிருக்கலாம். அடுப்படி ஓரத்தில் நின்ற ரத்தினம்மாவுக்கு மகளைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது, தன்னை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. இவள் எங்கிருந்து இதைக் கற்றாள்? நிச்சயமாக என்னிடமிருந்து இல்லை.

திறந்திருந்த வாசல் வழியே எதிர் வரிசை தெரிந்தது. தன் வீட்டு வாசலில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு வால்டர் உட்கார்ந்திருந்தான். பேப்பரை அவன் படிக்கவில்லை. எப்போது எழுந்து வந்து வாய் திறப்பானோ என்று காலையிலிருந்து அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சொல்லி இவர்கள் தெரிந்துகொள்வதா?

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள்.

"ஐயா, இவரு எல்லா ஞாயித்துக்கிழமையும் இப்படித்தான் இருப்பாரு. நான்தான் மறைச்சேன்."

கோவிந்தசாமி தலையைக் குனிந்துகொண்டார். அவள் நிறுத்தவில்லை. பூதிகோட்டை பஸ், மண்வெட்டி, ராகி மூட்டை, நாட்டு மருந்து என்று சொன்ன பொய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"கிராமத்துக் காற்று ஒத்துக்கொள்கிறதோ என்னவோ" என்றார் பேராசிரியர்.

"இல்லைங்க ஐயா. ஒரு தடவை மழையில ரோடு அடிச்சிகினு போயி பஸ்சு ஓடல. அன்னைக்கு இங்கயேதான் இருந்தாரு. அப்பவும் நல்லாத்தான் இருந்தாரு. கறி தின்னுட்டு கூரைத் தகரத்தை மாத்தினாரு. அதுக்கு மறுநாளு, திங்கக்கிழமை, மதியம் மறுபடியும் கட்டிலைப் புடிச்சிகினாரு. நான் பாத்தது இவ்ளோதான். இது பொய் நோவுன்னா சொல்லிடுங்க. எம் பொண்ணு மேல மட்டும் குத்தம் வேணாம்."

மகள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தாள். யசோதரா கோபப்படவில்லை. எழுந்து வந்து அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் போன ரத்தமெல்லாம் திரும்பி வந்திருந்தது.

"யம்மா, இத்த ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா உங்க நைனா பேரு கெட்டுடும்னுதான்."

"மதியம்னு சொன்னியே. மதியம் எப்போ? சுரங்கத்துச் சங்கு ஊதினப்புறமா?"

ரத்தினம்மா யோசித்தாள்.

"ஆமா. மதியம் ஒரு தடவ ஊதுற ஷிப்டு சங்குக்கு அப்புறம்தான்."

"மதியத்துக்கு மேல தூசி ஜாஸ்தி, அதனாலன்னு நெனச்சிகினு இருந்தேன் சார். நான்தான் தப்பா நெனச்சேன்." யசோதரா பேராசிரியர் பக்கம் திரும்பினாள். "ஞாயித்துக்கிழமை சங்கு ஊதாது. லெவல் இடிஞ்ச அன்னைக்கு நைனா உள்ள இருந்தப்போ மேல சங்கு நிக்காம ஊதிச்சு. அந்தச் சத்தத்தைக் கேட்டுகினேதான் ஒவ்வொரு ஆளா வெளிய கொண்டாந்தாரு. சத்தம் காதுக்குள்ள போனா இன்னிக்கும் நெஞ்சு பூட்டிக்குது. நோவும் நெஜம், ஞாயித்துக்கிழமையும் நெஜம்."

பேராசிரியர் உடனே தலையாட்டிவிடவில்லை. அவர் அப்படி ஆட்டுகிறவராக இருந்தால் அவருக்குக் கீழே வேலை பார்ப்பதில் என்ன பெருமை?

"சொல்வது அழகாக இருக்கிறது அம்மா. ஆனால் சங்கு ஊதுகிற நாளில்தான் கீழே வெடியும் வைக்கிறார்கள். நிலம் அதிரும், புகை வரும், தூசி வரும். எது இவர் நெஞ்சைப் பூட்டுகிறது என்று எப்படிப் பிரிப்பாய்? கமிட்டி இதைத்தான் கேட்கும்."

"இன்னிக்குப் பிரிக்க முடியாது சார்" என்றாள் யசோதரா. முடியும் என்று நடிக்கவில்லை.

ரத்தினம்மா அடுப்படிக்குப் போனாள். பெரிய மனிதர் வந்திருக்கிறார், வெறும் வயிற்றோடு ரயில் ஏறக்கூடாது. இலை போட்டுச் சோறு வைத்தாள். பேராசிரியர் சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தார்.

அப்போது சங்கு ஊதியது.

ஞாயிற்றுக்கிழமை சங்கு ஊதினால் கோலாரில் ஒரே ஒரு அர்த்தம்தான். கீழே பம்ப் பார்க்கவும் பழுது பார்க்கவும் போன ஆட்களுக்கு ஏதோ ஆகிவிட்டது. ரத்தினம்மாவின் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்தது. மகன் சுப்பிரமணி ஃபுட்பால் ஆடப் போயிருக்கிறான், நாளைக் காலைதான் அவனுக்கு ஷிப்டு, அவன் கீழே இல்லை என்று மனம் அதற்குள் கணக்குப் போட்டுவிட்டது.

லைன் முழுக்கக் கதவுகள் திறந்தன. வாணலியோடு ஒருத்தி, பாதி பின்னிய சடையோடு ஒருத்தி, முகத்தில் சோப்பு நுரையோடு ஒருவர். ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. நெஞ்சில் கை வைத்தபடி சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் இருக்கிற திசையைப் பார்த்துக்கொண்டு அப்படி அப்படியே நின்றார்கள். ஈரக் கையோடு வாசலுக்கு வந்த பேராசிரியர் அந்தத் தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பார்த்தார்.

உள்ளே கோவிந்தசாமி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. காலையில் விறகு பிளந்த மனிதர் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சங்கு சட்டென்று நின்றது. வாட்ச்மேன் ராஜப்பா சைக்கிளில் தெருவுக்குள் வந்து, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. சங்கு ரிப்பேரு பாத்தாங்க, டெஸ்டு பண்ணாங்க. எல்லாரும் உள்ள போங்க" என்று கூவிக்கொண்டே போனார். திட்டிக்கொண்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டும் ஜனம் கலைந்தது.

கீழே வெடி இல்லை. புகை இல்லை, தூசி இல்லை. சத்தம் மட்டும்தான். பேராசிரியர் திரும்பி யசோதராவைப் பார்த்தார். மிஷின் பக்கத்திலேயே இருந்தது. இந்த நிமிஷம் போனால் திரும்ப வராது.

"அம்மா, இப்போது அளந்தால்..." என்று மெதுவாகச் சொன்னார்.

யசோதரா தலையசைத்தாள். "மொதல்ல எங்க நைனா சார்."

அப்பாவின் முன்னால் தரையில் உட்கார்ந்து அவர் கைகளைச் சட்டத்திலிருந்து ஒவ்வொரு விரலாக விடுவித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "டெஸ்டுதான் நைனா. யாருக்கும் ஒண்ணும் ஆவல. கீழ யாரும் மாட்டல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

கோவிந்தசாமி மகளின் கையிலிருந்து ஒரு கையை உருவிக்கொண்டார். பேச்சு வரவில்லை. விரலை நீட்டி மிஷினைக் காட்டினார். வேண்டாம் நைனா என்று அவள் சொல்ல, மறுபடியும் காட்டினார். ரத்தினம்மாவுக்குப் புரிந்தது. அவர் தனக்காகவும் கேட்கிறார். தான் நடிக்கிறவனா இல்லையா என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறார். அவளே குழாயை எடுத்து அவர் வாயில் வைத்தாள்.

இருந்த பலத்தையெல்லாம் கூட்டி ஊதினார். கழுத்து நரம்பு புடைத்தது. முள் கொஞ்சம் அசைந்து, கீழேயே நின்றுவிட்டது. காலையில் ஏறிய உயரம் எங்கே, இது எங்கே?

அந்த முள்ளைப் பார்த்துவிட்டு ரத்தினம்மா வாய்விட்டு அழுதாள். துக்கத்தில் இல்லை. புருஷனின் நோவு நிஜம் என்று தெரிந்ததற்காக ஒரு பெண்டாட்டி சந்தோஷப்பட்டு அழுகிறாளே என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"யசோதரா, கமிட்டியிடம் நான் பேசிக்கொள்கிறேன். உன் வேலை இருக்கும். ஆனால் அது பெங்களூரில் இருக்க வேண்டிய வேலை இல்லை அம்மா. இந்தத் தெருவில் இருக்க வேண்டியது. நான் இப்போது பார்த்தது உன் அப்பாவை மட்டும் இல்லை."

கோவிந்தசாமிக்கு மெல்ல மெல்ல மூச்சு திரும்பியது. முதல் வார்த்தையாக, "நடிப்பு இல்ல, இல்லம்மா?" என்று மகளைக் கேட்டார்.

"இல்ல நைனா."

"அப்ப சரி" என்றார். குழந்தைபோலக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஜட்காவைக் கூப்பிடலாம் என்று வாசலுக்குப் போன ரத்தினம்மா படியிலேயே நின்றாள். தெருவில் எல்லோரும் உள்ளே போயிருந்தார்கள், ஒருவனைத் தவிர. இவர்கள் வீட்டுச் சுவர் ஓரமாக வால்டர் தரையில் உட்கார்ந்திருந்தான். எப்போது தெருவைத் தாண்டி வந்தானோ தெரியவில்லை. முகம் சாம்பல் பூத்துக் கிடந்தது. வாயால் மூச்சை இழுத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்த பஞ்சைப் பதற்றத்தில் எடுத்துக் கீழே இறைத்திருந்தான்.

குழாயடியில் அவன் சொன்ன வார்த்தைக்குப் பதிலாக ஒரு வாரமாக அவள் சேர்த்துவைத்திருந்த வார்த்தைகள் எத்தனையோ. அதில் ஒன்றுகூட அப்போது வாய்க்கு வரவில்லை.

"யசோ, இங்க வா" என்றாள்.

யசோதரா வந்தாள். பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அவன் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். காலையில் பேராசிரியருக்குப் போட்ட பாயைக்கூட அவள் தேடவில்லை.

"டெய்லி சங்கு ஊதற நேரத்துல காதுல பஞ்சு வச்சிகினு பின்னறைக்குப் பூடுவேம்மா" என்றான் வால்டர், மூச்சு வந்ததும். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னு சும்மா இருந்துட்டேன். என் முட்டி நல்லாத்தான் கீது. காதும் நல்லாத்தான் கீது."

"தெரியுதுண்ணே. பேசாதீங்க, மூச்சு விடுங்க."

ரத்தினம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் குடித்தான்.

"அண்ணனைப் பாத்தா எனக்குப் பொறுக்கலக்கா. ஞாயித்துக்கிழமையாவது அவருக்கு நல்லா இருக்கேன்னு பொறாமை. அதான் அப்படிப் பேசிட்டேன்." சொம்பைக் கீழே வைத்தான். குரலை இறக்கினான். "யசோ, நாங்க ரெண்டு பேரு மட்டும் இல்ல. இன்னொருத்தரு இருக்காரு. சங்கு ஊதினா அவருக்குக் கையி வெறைச்சிகினு பூடுது. நான் பாத்திருக்கேன். அவரு சொல்ல வேணாம்னு என் கையில அடிச்சி சத்தியம் வாங்கிகினாரு."

"யாருண்ணே அது?"

ஷாப்டுக்கு மேலே, கேஜை ஏற்றி இறக்குகிற என்ஜின் அறையின் கூரை அங்கிருந்து தெரியும். வால்டரின் கண் அங்கே போய் நின்றது.

அந்த அறையில் என்ஜினை ஓட்டுகிற கையை நம்பித்தான் இந்த லைனில் இருக்கிற அத்தனை பேரும் கீழே போகிறார்கள். நாளைக் காலை முதல் ஷிப்டில் சுப்பிரமணியும் போவான், மதியம் சங்கு ஊதுகிற நேரத்தில் அதே கேஜில் மேலே வருவான்.

யசோதரா அவனை அவசரப்படுத்தவில்லை. ரத்தினம்மா குனிந்து, இறைந்து கிடந்த பஞ்சை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தன் உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"சொல்லிடு வால்டரு" என்றாள். "நல்லதுன்னு நெனச்சி ஒருத்தரு நோவை மூடி வச்சா அவருக்குள்ள இன்னா ஆவும்னு என்னைக் கேளு."